பொதுச் சாவியா, பூட்டா?

மண்டபத்திலிருந்து:
சனிக்கிழமை தங்கச்சிமடத்தில் வகுப்பு. இலங்கையில் பிடிபட்ட மீனவர்களின் விவரங்களை வக்கீலுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கு மறையாக்க மின்னஞ்சல், அதாவது பெறுபவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மூடிய அஞ்சல், சொல்லித்தர வேண்டும். நமக்கு வரும் அஞ்சலை மூட ஊருக்குக் கொடுப்பதைப் 'பொதுச் சாவி' என்றும், திறக்க நாமே வைத்திருப்பதைத் 'தனிச் சாவி' என்றும் கையேட்டில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு பெண், "சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு எதைப் பூட்டுவது?" என்றாள். வேறு சொல் தாருங்கள். நாளை இரவு அச்சுக்குப் போகிறது.

தொண்டியிலிருந்து:
தம்பி, 'சாவி'யே தமிழில்லையே! போர்த்துகீசியர் கொண்டுவந்தது, சன்னலும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவைதான். 'பொதுத் திறவுகோல்' என்று போடுங்கள். மறையாக்கிய அஞ்சலுக்கு 'முடங்கல்'. மாதவி கோவலனுக்கு அனுப்பியது 'மண்ணுடை முடங்கல்' என்கிறது சிலம்பு. மண் இலச்சினை உடையாமல் யாரும் பிரிக்க முடியாது. இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

கீழக்கரையிலிருந்து:
ஐயா, கோல் என்றாலும் அந்தப் பெண்ணின் கேள்வி அப்படியே நிற்கிறதே. அதை வைத்து நமக்கு வரும் அஞ்சலைப் பிறர் மூடலாம், திறக்க முடியாது. அப்படியானால் அது பூட்டுதான். 1999இல் விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் பிஜிபி 5.0 என்ற மறையாக்க மென்பொருளை 12 பேரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். 7 பேர் பெறுநரின் பொதுச் சாவியை விட்டுவிட்டுத் தங்கள் சொந்தப் பொதுச் சாவியாலேயே மறையாக்கினார்கள். 3 பேர் ரகசியத்தை வெட்டவெளியாகவே அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் மின்னஞ்சல் பழகியவர்கள். 'பூட்டு' என்றிருந்தால் தன் பூட்டையே போட்டு அடுத்தவருக்கு அனுப்பத் தோன்றுமா?

மண்டபம்:
காக்கா, அஞ்சல் நாம் எழுதியதுதான் என்று காட்டும் மின் கையொப்பத்துக்கு என்ன செய்ய? தனிச் சாவியால் ஒப்பமிட்டதைப் பொதுச் சாவியால்தானே சரிபார்க்கிறோம். பூட்டை வைத்துக் கையெழுத்துப் பார்ப்பதா?

தொண்டி:
அதற்குத்தான் இலச்சினை என்றேன்!

பாம்பனிலிருந்து:
பெயர் எதுவானாலும் வக்கீல் அலுவலகத்திலும் மறையாக்கம் இருந்தால்தான் கதை நடக்கும். தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியில் 2020இலேயே ஓபன்பிஜிபி என்ற மறையாக்க முறை உள்ளேயே வந்துவிட்டது. எத்தனை பேர் தொட்டார்கள்? தனிச் சாவி இருந்த கணினி பழுதானால், படி எடுத்து வைக்காதவருக்குப் பழைய அஞ்சல் அத்தனையும் போச்சு. பல செயலிகளில் அஞ்சலின் தலைப்பான 'பொருள்' வரி மறைவதில்லை. பிள்ளைகள் அங்கேதான் மீனவர் பெயரையும் படகு எண்ணையும் எழுதுவார்கள். முதல் பக்கத்தில் இதைப் போடுங்கள், அப்புறம் மாதவியிடம் போகலாம்.

கீழக்கரை:
அதுவும் சரிதான். ஆனாலும் பூட்டு.

மண்டபம்:
சரி, பொருள் வரி எச்சரிக்கை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. மறையாக்கப் பாடத்தில் 'பூட்டு', கையொப்பப் பாடத்தில் 'பொதுச் சாவி'. இரண்டும் ஒன்றே என்று ஒரு அடிக்குறிப்பு. அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

தொண்டி:
ஒரே பொருளுக்கு இரண்டு பெயர், அதில் ஒன்று போர்த்துகீசியம். எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பு எப்போது?