செவிலியர்கள் வெளிநாடு செல்வதற்குச் சம்பளம் மட்டும்தான் காரணமா?

தஞ்சைத் தகப்பன்:
என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறாள். இப்போது காலையில் ஜெர்மன் வகுப்பு, இரவில் பணி என்று இருக்கிறாள். ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலைக்கான தேர்வில் தேறியதும் அந்த நாட்டுக்குப் புறப்பட்டுவிடுவாளாம். சம்பளம் கூட்டிக் கொடுத்தால் இருப்பாயா என்று கேட்டதற்கு, "அது மட்டும் இல்லப்பா" என்றாளே தவிர, மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

இரவுப்பணி:
ஐயா, சம்பளத்தை ஒதுக்கிவிட்டும் பேச முடியாது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதானே, நான் வேலை பார்த்த இடத்தில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விலகும்போது பணம் கட்டித்தான் மீட்டேன்.

ஆனால் உங்கள் மகள் சொன்னது வேறு என்று நினைக்கிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று படித்துவிட்டு வந்த நான், ஒரே இரவில் மூவரைப் பார்த்துக்கொண்டேன். ஒருவருக்குச் சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கையில் அடுத்த படுக்கையில் அலாரம் அடிக்கும். அப்போது யாரை விட்டுவிட்டு யாரிடம் ஓடினேன் என்று எவரும் கேட்டதில்லை. விடிந்ததும் குறிப்பேட்டில் ஒரு கட்டம் நிரப்பாமல் கிடந்தால் மட்டும் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
அரசு வேலை கிடைத்தால் பிள்ளைகள் போகமாட்டார்கள் என்று நாங்களும் நம்பியிருந்தோம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதத் தொகுப்பூதியம், அதாவது படிகள் ஏதுமின்றி மொத்தமாகத் தரும் சம்பளம், 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாததால்தான் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பின்னர் தொகை கூடியது. என்றாலும், எப்போது நிரந்தரம் என்று தெரியாமல் ஒரு பெண் எத்தனை ஆண்டுதான் காத்திருப்பாள்? ஜெர்மனியில் இன்ன தேர்வு, இன்ன அங்கீகாரம், அதன்பின் இன்ன ஊதியம் என்று படிகளாவது கண்ணுக்குத் தெரிகின்றன.

ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து:
அந்தப் படிகளிலும் வழுக்கல் உண்டு. நம் ஊர்ப் படிப்புக்கு இங்கே அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் நிலையில்தான் வேலை, சம்பளமும் அதற்கேற்பத்தான். ஊரில் நோயாளியின் உறவினர்கள் செய்யும் குளிப்பாட்டுதல், ஊட்டிவிடுதல் எல்லாம் இங்கே செவிலியரின் வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த எனக்கு முதல் சில மாதங்கள் அது பெரும் மனத்தாங்கலாக இருந்தது. ஆனால் பணி அட்டவணை முன்கூட்டியே கைக்கு வந்துவிடும், கூடுதல் நேரம் கணக்கில் ஏறும். தனியார் முகவரிடம் பணம் கட்டுமுன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். இடையில் விலகினால் ஆட்சேர்ப்புச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இங்குள்ள ஒப்பந்தங்கள் சிலவற்றிலும் இருக்கிறது. கையெழுத்திடுமுன் அந்தப் பக்கத்தை அவளே ஜெர்மனில் படித்துப் பார்க்கட்டும்.