"நீ ரீடிங் எழுதிக்கோ" என்று உங்களிடமும் சொன்னார்களா?

பொறியியல் லேபில் ஒதுங்கி நின்றதையும், தங்கள் கல்லூரிப் பெண்கள் குழு கைகொடுத்ததையும் மூன்று பெண்கள் சொல்கிறார்கள்.

மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு:

என் வகுப்பில் 62 பேர், அதில் பெண்கள் நான்கே பேர். லேபில் யாரும் எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதனாலேயே நடப்பது புரிய நாளானது. பேட்ச் பிரித்ததும் பையன்கள் மிஷினுக்குப் போய்விடுவார்கள். "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீ ரீடிங் எழுதிக்கோ" என்பார்கள், அதாவது அவர்கள் சொல்லும் அளவுகளை நோட்டில் குறிக்க வேண்டும். நானும் எழுதினேன். ரெக்கார்டுக்கு நல்ல மார்க்கும் வந்தது. செமஸ்டர் பிராக்டிகலில் எனக்கு லேத், அதாவது கடைசல் எந்திரம், வந்தபோதுதான், வெட்டும் டூலை எந்த உயரத்தில் கட்டுவது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் சீனியர் அக்கா ஒருவர் எங்கள் கல்லூரிப் பெண்கள் குழுவுக்குக் கூட்டிப்போனார். கருத்தரங்கம், மகளிர் தினக் கோலப் போட்டி என்று நினைத்துப் போனால், சனிக்கிழமை மதியம் வொர்க்ஷாப் சாவியை வாங்கி வைத்திருந்தார்கள். இன்ஸ்ட்ரக்டர் சாரும் கூடவே இருந்தார். அக்கா முதலில் கேட்டது, "சக் கீயைக் கழட்டினியா?" இரும்புத் துண்டைப் பிடித்துச் சுழற்றுவது சக், அதை இறுக்கும் சாவி சக் கீ. அதைச் சக்கிலேயே விட்டு மோட்டாரைப் போட்டால் தெறித்து முகத்தில் அடிக்கும். பிறகு ஃபேசிங், அதாவது துண்டின் முன்பக்கத்தைச் சமமாகச் சீவுவது. அந்தப் பக்கம் பளபளவென்று வந்தது, ஆனால் நட்டநடுவில் கடுகளவு மொட்டு ஒன்று நின்றது. "டூல் நுனி சென்டருக்குக் கீழே இருக்கு. டெயில்ஸ்டாக் முனையோட வச்சுப் பாரு" என்றார் அக்கா. டெயில்ஸ்டாக் என்பது சக்குக்கு எதிரே இருக்கும் பகுதி, அதன் கூர்முனை சென்டர் உயரத்தில் நிற்கும். டூலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி மறுபடி ஓட்டினேன். மொட்டு போய்விட்டது. அந்த இரும்புத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

சிவில், இரண்டாம் ஆண்டு:

எங்களுக்குச் சர்வே லேபில் இதே கதைதான். பெண் என்றால் வெயிலில் ஸ்டாஃபை, அதாவது அளவுக்கோலை, பிடித்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபீல்டு புக் எழுத வேண்டும். குழுவில் பேசி, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஆள் மாறுவது என்ற முறையைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கினோம். முதல் தடவை ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியின் குமிழை நடுவுக்குக் கொண்டுவர எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. பையன்கள் பொறுமையாகத்தான் காத்திருந்தார்கள். கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பார்களோ என்னவோ. ஆனால் தனியாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்), படிப்பு முடித்து வேலையில் இருக்கிறேன்:

எங்கள் குழு அறையில் அ. லலிதாவின் படம் இருந்தது. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943-இல் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். அவருடைய அப்பா அங்கேயே பேராசிரியர். பட்டச் சான்றிதழில் 'ஹீ' என்றே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டு 'ஷீ' என்று கையால் எழுதினார்களாம். அதே காலத்தில் அங்கே சிவில் படித்தவர்கள் பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ். மொத்தக் கல்லூரியிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள்.

எனக்குக் குழு செய்தது வேறு உதவி. என் அப்பாவுக்கு நிரந்தர வருமானம் இல்லை. பெண்களுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம்) தரும் பிரகதி உதவித்தொகை, வருஷத்துக்கு 50,000 ரூபாய், அப்படி ஒன்று இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வருமானச் சான்றிதழிலிருந்து வங்கிக் கணக்குவரை அக்காக்கள் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்த்து, கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி விண்ணப்பத்தை ஏற்றினார்கள். இப்போது ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பம் திறந்ததும் ஜூனியர்களைக் கூப்பிட்டு நானே உட்காருகிறேன். இந்த வருஷம் ஐந்து பேர் வந்தார்கள்.