பக்கம் இருக்கு, ஆனா இணைப்பு சிவப்பா வருது: மாணவர் விக்கி தெரிஞ்சவங்க உதவுங்க

ஈரக்குடை · செவ்வாய், இரவு 11.52

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழக வாழ்க்கையைப் பத்தி மாணவர்களே சேர்ந்து எழுதுற விக்கி இருக்குல்ல, அதோட தமிழ்ப் பகுதியில மூனு வாரமா எழுதிட்டிருக்கேன். ஆங்கிலத்துல விடுதி, பேருந்து, பாடப் பதிவுன்னு எல்லாம் குவிஞ்சு கிடக்கு. தமிழ்ல பாதிப் பக்கம் ரெண்டு வரியோட நிக்குது. தமிழ்நாட்டிலேருந்து புதுசா வர்றவங்களுக்கும், பிள்ளை எங்க சாப்பிடுது எங்க தூங்குதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கிற எங்க அம்மா மாதிரி ஆளுங்களுக்கும் உதவுமேன்னுதான் இறங்கினேன்.

இப்போ தலையைப் பிச்சுக்கிறேன். சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழக வளாகம் பத்தின பெரிய பக்கத்துல, 'சௌத் ஸ்பைன் சாப்பாடு' (சௌத் ஸ்பைன்ங்கிறது அந்த வளாகத்துல ஒரு கட்டடத் தொகுதி) பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தேன். சிவப்பா வருது. சிவப்புன்னா அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு அர்த்தம். ஆனா அந்தப் பக்கம் பக்கத்து ஜன்னல்ல என் கண்ணு முன்னாடியே திறந்திருக்கு! யாரோ அழிச்சுட்டாங்க போலன்னு நெனச்சு, சிவப்பை அழுத்தி, நாலு பத்தி புதுசா எழுதிச் சேமிச்சேன். இப்போ ஒரே தலைப்புல ரெண்டு பக்கம் இருக்கு. ஒரே தலைப்புல ரெண்டு பக்கம் இருக்கவே முடியாதுன்னு உதவிப் பக்கம் சொல்லுது.

இன்னும் ரெண்டு விஷயம். பக்கத்தோட முகவரியைக் குடும்ப வாட்ஸ்அப்ல போட்டா, தமிழ் எழுத்தெல்லாம் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமா மாறி நாலு வரிக்கு நீளுது. அம்மா அதை ஸ்கேம்ஷீல்டுல (மோசடி இணைப்பான்னு பார்க்கிற சிங்கப்பூர்ச் செயலி) போட்டுப் பார்த்துட்டு, "யாரோ உன் போனைத் திருடிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. அப்புறம், நான் எழுதின விடுதிப் பக்கம் மொத்தமும் போச்சு. தொகுப்புச் சுருக்கத்துல 'பதிப்புரிமை'ன்னு ஒத்தை வார்த்தை. நான் எதையும் காப்பி அடிக்கலை. ஆங்கிலத்துல இருந்ததை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து தமிழ்ல மொழிபெயர்த்தேன்.

கோப்பி_ஓ_கோசோங் · புதன், காலை 7.20

உலாவியோட கேஷை (அது சேமிச்சு வச்சிருக்கிற பழைய பிரதியை) அழிச்சுப் பாருங்க. எனக்கு ஒரு தடவை இப்படி வந்து, அழிச்சதும் சரியாச்சு.

ஈரக்குடை · புதன், காலை 8.05

அழிச்சாச்சு. 179 பேருந்துல உட்கார்ந்து போன்லயும் பார்த்தாச்சு. போன்லயும் சிவப்புதான்.

டிஷ்யூ_வச்ச_மேசை · புதன், காலை 8.31

கேஷ் இல்லை இது. ரெண்டு பக்கம் இருக்குன்னா ரெண்டு தலைப்பும் வேற வேற, அவ்வளவுதான். உங்க கண்ணுக்குத்தான் ஒன்னா தெரியுது. அம்மா பயந்துபோன அந்த நீள முகவரி இருக்கே, அதுதான் இப்போ நமக்கு வேணும். ரெண்டு பக்கத்தோட முகவரியையும் வெறும் எழுத்துக் கோப்புல ஒன்னுக்குக் கீழே ஒன்னா ஒட்டிட்டு, நீளம் சமமா இருக்கான்னு சொல்லுங்க.

ஈரக்குடை · புதன், மதியம் 1.14

ஒட்டிட்டேன். சமமா இல்லை! பழைய பக்கத்தோடது நீளம். எண்ணிப் பார்த்தேன், சரியா 9 குறி கூட. ஆரம்பத்துலேயே வித்தியாசம் வந்துடுது, மிச்சமெல்லாம் ஒன்னுதான்.

பழைய_மாணவர் · புதன், மதியம் 1.50

ஒன்பதா? அப்படியென்றால் நோய் தெரிந்துவிட்டது.

யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஓர் எண் உண்டு. கணினி அதை 3 பைட்டாகச் சேமிக்கிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறி, இரண்டு எழுத்து என மூன்றாக விரியும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு 9. உங்கள் பழைய தலைப்பில் ஒரே ஒரு குறி கூடுதலாக ஒளிந்திருக்கிறது. எங்கே என்று கேட்டால், முதல் எழுத்தில்தான்.

'சௌ' என்பதை எழுதச் சரியான முறை ச + ௌ. அந்த ௌ ஒரே குறி. ஆனால் திரையில் அது பார்க்க எப்படி இருக்கிறது? முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு 'ள'. ஆகவே செ அடித்து, அப்புறம் ள அடித்தால் 'செள' என்று அச்சு அசலாக அதே மாதிரி வந்து நிற்கும். நமக்கு அது சௌ. கணினிக்கு அது 'செ' என்ற எழுத்தும் 'ள' என்ற எழுத்தும்.

சோதனை எளிது. பழைய தலைப்பின் முதல் சொல்லை எங்காவது ஒட்டுங்கள். 'சௌ' முடிகிற இடத்தில் சுட்டியை வைத்து, பின்னழிப்பு விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். கொம்பு உட்பட எல்லாம் போனால் நல்ல ௌ. 'செ' மிஞ்சினால் போலி.

ஈரக்குடை · புதன், மதியம் 2.03

'செ' மிஞ்சுது!!! விரிவுரையில உட்கார்ந்து சத்தமா சிரிச்சுட்டேன்.

ஆனா ஒரு சந்தேகம். கொ, கோ எல்லாமும் ரெண்டு விதமா அடிக்கலாம்னு எங்கேயோ படிச்சேன். அதெல்லாமும் இப்படி ஆகுமா?

பழைய_மாணவர் · புதன், மதியம் 2.40

ஆகாது. ெ, ா என்று தனித்தனியாக அடித்தாலும் ொ என்று ஒன்றாக அடித்தாலும், மீடியாவிக்கி (இந்த விக்கியை இயக்கும் மென்பொருள்) சேமிக்கும்போது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடே விதி வைத்திருக்கிறது. 'ள' விஷயம் அப்படி இல்லை. அது முழு மெய்யெழுத்து வரிசையைச் சேர்ந்தது, அதை ஔகாரக் குறி என்று எந்த விதியும் ஏற்காது. ஔவையாரை 'ஒள'வையார் என்று அடிப்பவர்களும் இதே கூட்டம்தான்.

தமிழ்99 விசைப்பலகையில் ஔகாரத்துக்குத் தனி விசையே இருக்கிறது, ஆங்கில இசட் இருக்கும் இடத்தில். ச தட்டி அதைத் தட்டினால் போதும். அந்த விசையைப் பலர் நான்கு வருடப் படிப்பிலும் ஒரு தடவைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பதிப்புக்காரி · புதன், மாலை 6.22

இந்தப் பக்கத்து நிர்வாகிகள்ல நானும் ஒருத்தி. வரலாற்றைப் பார்த்தேன். பழைய பக்கம், சீனியர்கள் யாரோ பழைய எழுத்துருவுல அடிச்சு வச்சிருந்த புதுமுக மாணவர் கையேட்டை யூனிகோடுக்கு மாத்தி ஒட்டினது. பழைய எழுத்துரு சிலதுல ஔகாரத்தோட பின்பாதிக்கும் ள எழுத்துக்கும் ஒரே வடிவத்தைத்தான் பயன்படுத்தினாங்க. மாத்துற கருவிக்கு எது எதுன்னு தெரியாது, எல்லாத்தையும் ள-ன்னு எடுத்துக்கும். அடிச்சவங்க மேல தப்பில்லை.

தங்கச்சி, தயவுசெஞ்சு ஒரு பக்கத்துலேருந்து இன்னொன்னுக்கு வெட்டி ஒட்டாதீங்க. 'நகர்த்து' பொத்தானையும் இப்போ தொட வேண்டாம். சரியான தலைப்புல உங்க புதுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறதால பழையது அங்க நகராது. ரெண்டோட வரலாறையும் நான் ஒன்னா சேர்த்துடுறேன், அப்பதான் முதல்ல எழுதினவங்க பேரும் நிக்கும், உங்க பேரும் நிக்கும். நம்ம உரிமம் எழுதினவங்களுக்குப் பேர் கொடுத்தே ஆகணும்னு சொல்லுது. போலித் தலைப்பை அழிக்க மாட்டேன், வழிமாற்றா விட்டுடுவேன். பழைய இணைப்புல வர்றவங்களும் சரியான இடத்துக்கே வந்து சேருவாங்க.

அதோட 'சவுத் ஸ்பைன் சாப்பாடு'ன்னும் ஒரு வழிமாற்று போடுங்க. பத்துல எட்டு பேர் அப்படித்தான் தேடுவாங்கன்னு நெனக்கிறேன், நானே அப்படித்தான் தேடினேன். வாட்ஸ்அப்புக்கு, ஆங்கில எழுத்துல சின்னதா ஒரு வழிமாற்றுத் தலைப்பு வச்சு அதைப் பகிருங்க. முகவரி ஒரே வரியில முடிஞ்சிடும், அம்மாவும் நிம்மதியா அழுத்துவாங்க.

கோப்பி_ஓ_கோசோங் · புதன், இரவு 9.10

இப்படி இன்னும் எத்தனை பக்கம் இருக்கோ. ஒரு பாட் (தானாவே திருத்துற நிரல்) எழுதி, விக்கி முழுக்க ெள வர்ற இடத்தையெல்லாம் ௌ-வா மாத்திடலாமா? பத்து நிமிஷ வேலை லா.

டிஷ்யூ_வச்ச_மேசை · புதன், இரவு 9.14

ஐயோ வேண்டாம்!! 'வெள்ளிக்கிழமை' என்ன ஆகும்? 'தெளிவு'? 'வெளியே'? வெ-க்கு அப்புறம் உண்மையான ள வர்ற சொல் தமிழ்ல எவ்வளவு இருக்கு. மாத்தினா 'வெளியே'ல அந்த ி ஒட்ட எழுத்து இல்லாம புள்ளி வட்டத்துல தொங்கும். நூலகம் வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மூடும்னு படிக்க வர்றவன் ஓடியே போயிடுவான்.

கோப்பி_ஓ_கோசோங் · புதன், இரவு 9.16

ஓ. சரி சரி. பாட் ரத்து.

பழைய_மாணவர் · புதன், இரவு 9.45

கையால்தான் செய்ய வேண்டும், ஆனால் நிறைய இருக்காது. 'எல்லாப் பக்கங்களும்' என்ற சிறப்புப் பக்கத்துக்குப் போய் 'செள', 'மெள', 'கெள', 'பெள' என்று தொடங்கும் தலைப்புகளை மட்டும் பாருங்கள். தலைப்பு சரியானால் இணைப்பு சரியாகும். உள்ளே இருக்கும் எழுத்தை அந்தந்தப் பக்கத்தைத் தொகுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பதிப்புக்காரி · புதன், இரவு 10.30

விடுதிப் பக்கத்துக்கு வர்றேன். அதை நீக்கினது நான்தான். அன்னிக்கு வரிசையா பதினஞ்சு திருத்தம் பார்த்துக்கிட்டிருந்தேன், ஒத்தை வார்த்தையோட நகர்ந்துட்டேன். உங்க பேச்சுப் பக்கத்துல ரெண்டு வரி எழுதியிருக்கணும், மன்னிச்சுக்கோங்க.

ஆனா நீக்கினது சரிதான். அது பல்கலைக்கழகத்தோட அதிகாரபூர்வ விடுதிப் பக்கத்தின் மொழிபெயர்ப்பு, வரிக்கு வரி, அவங்க போட்ட துணைத்தலைப்பு வரிசை உட்பட. மொழி மாறினாலும் எழுத்து அவங்களோடதுதான். மொழிபெயர்ப்பையும் மூலத்தோட தழுவலாத்தான் இங்கத்த பதிப்புரிமைச் சட்டம் பார்க்குது. மூலத்துக்கு உரிமை வச்சிருக்கிறவங்க அனுமதி இல்லாம அதை எடுத்து, யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு சொல்ற உரிமத்துல நாம வெளியிட முடியாது.

தகவலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விண்ணப்பம் எப்போ திறக்கும், அறையில மின்விசிறி மட்டுமா குளிர்சாதனமும் உண்டா, இதையெல்லாம் உங்க சொந்த வாக்கியத்துல தாராளமா எழுதலாம். உண்மையைச் சொன்னா, அதிகாரபூர்வப் பக்கத்துல இருக்கிறதை மறுபடி சொல்றதுக்கு நாம தேவையே இல்லை. துணி துவைக்கிற இயந்திரத்துக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரிசை எவ்வளவு நீளம், பொதுச் சமையலறையில கடுகு தாளிச்சா புகை உணரி கத்துமா கத்தாதா, அதை அவங்க எழுத மாட்டாங்க. உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்னு, இது அவசரம். நீங்க எழுதினதுல விடுதிக் குழு மாணவர் ஒருத்தரோட கைப்பேசி எண் இருந்துச்சு. அவர்கிட்ட கேட்டுப் போட்டீங்களா?

ஈரக்குடை · புதன், இரவு 10.41

இல்லை அக்கா. அவர் எங்க மாடிக் குழுவுல போட்டிருந்தார், அதுலேருந்து எடுத்தேன். ஆனா பக்கமே போயிடுச்சே, எண்ணும் போயிருக்குமே?

பதிப்புக்காரி · புதன், இரவு 10.52

போகலை. நான் பக்கத்தை அழிக்கலை, உள்ளே இருந்த எழுத்தைத்தான் எடுத்தேன்; விக்கியில அப்படி எடுத்தா மேல தெரியற பதிப்புலேருந்துதான் போகும். 'வரலாறு' தாவலை அழுத்தினா உங்க பழைய பதிப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும், யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம். அந்தத் திருத்தத்தையே மறைக்கணும், அதை நிர்வாகிதான் செய்ய முடியும். இப்போ மறைச்சுட்டேன். இனிமே இப்படி ஏதாவது ஆச்சுன்னா பொதுப் பேச்சுப் பக்கத்துல எழுதாதீங்க, அங்க எழுதினா எல்லாரும் ஓடிப்போய்ப் பார்ப்பாங்க. நிர்வாகிக்குத் தனியா அஞ்சல் அனுப்புங்க.

டிஷ்யூ_வச்ச_மேசை · வியாழன், காலை 8.15

ஒரு சின்ன வேண்டுகோள். சாப்பாட்டுப் பக்கத்துல விலை எழுதுறவங்க எந்த மாசம் எந்த வருஷம் பார்த்த விலைன்னு சேர்த்து எழுதுங்க. 'சைவச் சோறு மலிவு'ன்னு மொட்டையா இருந்துச்சு, நம்பிப் போனேன், அந்தக் கடையே இல்லை. பேருந்தும் அப்படித்தான். ஜூரோங் வட்டார ரயில் பாதை வந்ததும் நன்யாங் போற வழின்னு நாம எழுதி வச்சதெல்லாம் பாதி மாறப் போகுது.

ஈரக்குடை · வியாழன், மாலை 5.37

நீலம் ஆயிடுச்சு! வரலாற்றுல ரெண்டு பேர் எழுதினதும் வரிசையா இருக்கு. தி ஹைவ் பத்தி நான் எழுதின பத்தி, அந்த டிம்சம் கூடை மாதிரி இருக்கிற கட்டடம்னு, அதுவும் தப்பிச்சிருக்கு. 'சவுத்' வழிமாற்று போட்டாச்சு. சின்ன முகவரியை அம்மாவுக்கு அனுப்பினேன், அழுத்திப் படிச்சுட்டு, "தோசை கிடைக்குமான்னு போடலையே"ன்னு பதில்.

விடுதிப் பக்கத்தை மணல்தொட்டியில (விக்கியில எழுதிப் பழகுற வரைவுப் பக்கம்) திரும்ப எழுதிட்டிருக்கேன். கடுகு தாளிச்சா எங்க மாடியில கத்தும், ஜன்னலை முழுசாத் திறந்தா கத்தாது. அதுதான் முதல் வரி.

பழைய_மாணவர் சொன்ன மாதிரி 'எல்லாப் பக்கங்கள்'ல தேடினேன். இன்னும் மூனு கிடைச்சுது: நூலகத்து மௌன அறை, பௌர்ணமி நடை, அப்புறம் ஒரு சௌகரியமான படிப்பிடங்கள் பட்டியல். மூனுமே போலி ள. இதுக்கு சரியான தலைப்புல வேற பக்கம் எதுவும் இல்லை, அப்போ நானே நகர்த்தலாமா?

பதிப்புக்காரி · வியாழன், இரவு 7.02

நகர்த்தலாம். 'வழிமாற்று ஒன்றை விட்டுச் செல்'னு ஒரு கட்டம் உங்களுக்குத் தெரிஞ்சா, அதுல சரிக்குறி இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க. பௌர்ணமி நடையை இப்போ விட்டுடுங்க, அந்தப் பக்கத்துல யாரோ பாதியில தொகுத்துக்கிட்டிருக்காங்க, திருத்த முரண் வந்துடும். எனக்கு நாளைக்குத் தேர்வு. சனிக்கிழமை பார்க்கிறேன்.