ஏழும் எஸ்டி 398, ஆனால் ஒரு மூக்கு மாதிரியில் மட்டும் 1,460 வேறுபாடுகள்: பிழை எங்கே?

கேள்வி: இழையைத் தொடங்கியவர்

வணக்கம். ஒரு பால் பண்ணையில் மடிநோய் கண்ட ஐந்து பசுக்களின் பாலிலிருந்தும், அங்கே பால் கறக்கும் இருவரின் மூக்கிலிருந்தும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஏழு மாதிரிகளின் முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தியிருக்கிறேன். சில மரபணுக்களை மட்டும் ஒப்பிட்டு பாக்டீரியாவுக்கு வகை எண் (எஸ்டி) தரும் எம்.எல்.எஸ்.டி. வகைப்பாட்டில் ஏழும் எஸ்டி 398 என்றே வருகின்றன. பால் மாதிரிகளுக்குள் 4 முதல் 11 வரை எஸ்.என்.பி., அதாவது ஓரெழுத்து வேறுபாடுகள், இருக்கின்றன. முதல் கறவையாளரின் மாதிரியும் அவற்றோடு ஒட்டியே நிற்கிறது. இரண்டாமவரின் மாதிரி மட்டும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் ஏறத்தாழ 1,460 எழுத்துகள் விலகி நிற்கிறது.

ஒரே எஸ்டிக்குள் இவ்வளவு விலகல் இருக்க முடியுமா, அல்லது என் பகுப்பாய்வில் கோளாறா? மாதிரிகளைப் பொருத்திப் பார்க்கும் ஒப்பீட்டுத் தொகுதியாக, இதே பாக்டீரியாவின் என்.சி.டி.சி. 8325 என்ற வகையின் மரபணுத்தொகுதியைப் பயன்படுத்தினேன். கறவையாளர்கள்தாம் மாடுகளுக்கு நோயைக் கொடுத்தார்கள் என்று பண்ணை உரிமையாளர் முடிவுகட்டி, இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தப் பார்க்கிறார். என் அறிக்கையின் ஒரு வரியில் அவர்களுடைய பிழைப்பு இருப்பதால், உறுதியாகத் தெரியாமல் எதையும் எழுத எனக்கு மனமில்லை.

பதில்: மரபணுத் தரவுப் பகுப்பாய்வாளர்

எஸ்டி ஒன்றாக இருப்பதை வைத்து நெருக்கத்தை அளக்க வேண்டாம். எம்.எல்.எஸ்.டி. ஏழு மரபணுக்களில் மொத்தம் சுமார் 3,200 எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது. இந்தப் பாக்டீரியாவின் தொகுதியோ சுமார் 28 லட்சம் எழுத்துகள் கொண்டது. ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு மீதியைப் பற்றிப் பேச முடியாது.

ஆனாலும் 1,460 என்ற எண்ணையும் நான் அப்படியே நம்பமாட்டேன். முதலில், அந்த மாதிரியில் இரண்டு வகைகள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள்: வேறுபடும் இடங்களில் வாசிப்புகள் (வரிசைப்படுத்தும் கருவி படித்த சிறு டி.என்.ஏ. துண்டுகள்) ஒரே எழுத்தைச் சொல்கின்றனவா, அறுபதுக்கு நாற்பது என்று பிரிகின்றனவா? அடுத்ததாக, அந்த வேறுபாடுகள் தொகுதி முழுவதும் சிதறியிருக்கின்றனவா, சில இடங்களில் குவிந்திருக்கின்றனவா? என்.சி.டி.சி. 8325 வேறொரு குடிவழியைச் சேர்ந்தது. அதற்குள் ஃபை 11, ஃபை 12, ஃபை 13 என்று மூன்று ஃபேஜ்கள், அதாவது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்கள், ஒட்டிக்கிடக்கின்றன. எஸ்டி 398-க்கு எஸ்0385 என்ற முழுமையான தொகுதி 2010-இலிருந்தே கிடைக்கிறது. அதை வைத்துத் திரும்ப ஓட்டுங்கள்.

இன்னொன்று, இதுதான் என் முதல் சந்தேகம். வாசிப்பே விழாத இடங்களில் உங்கள் நிரல் என்ன செய்கிறது? வெற்றிடமாக விடுகிறதா, ஒப்பீட்டுத் தொகுதியின் எழுத்தையே இட்டு நிரப்புகிறதா?

இழையைத் தொடங்கியவர்

மிக்க நன்றி. கலப்பு இல்லை; வேறுபடும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட வாசிப்புகள் ஒரே எழுத்தையே சொல்கின்றன. நீங்கள் சந்தேகித்தது சரிதான்: என் நிரல் வெற்றிடங்களை நிரப்பியிருக்கிறது. வேறுபாடுகளில் பெரும்பகுதி ஃபேஜ் பகுதிகளில் குவிந்திருந்தது. ஃபை 13 இருக்கும் இடத்தில் மிக அடர்த்தி. அந்த இடத்தில் பால் மாதிரிகளுக்கும் முதல் கறவையாளரின் மாதிரிக்கும் ஒரு வாசிப்புகூட இல்லை. இரண்டாமவரின் மாதிரியில் மட்டும் அதை ஒத்த, ஆனால் அதே அல்லாத ஒரு ஃபேஜ் இருக்கிறது. இல்லாத ஃபேஜை இருப்பதாகப் பாவித்து, அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு எண்ணியிருக்கிறேன்.

எஸ்0385-ஐ வைத்து, ஃபேஜ் பகுதிகளையும் பிளாஸ்மிட் (முதன்மைத் தொகுதிக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ.) பகுதிகளையும் மறைத்து, வெற்றிடங்களை வெற்றிடங்களாகவே விட்டு மீண்டும் ஓட்டினேன். பால் மாதிரிகளுக்குள் 3 முதல் 9, முதல் கறவையாளர் அவற்றோடு 5 முதல் 8. இரண்டாமவர் இன்னும் 240 எழுத்துகள் தள்ளியே நிற்கிறார்; இந்த 240 தொகுதி முழுவதும் சீராகச் சிதறியிருக்கிறது.

பதில்: கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்

மறைத்து ஒதுக்கிய அந்த ஃபேஜைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது. ஃபை 13-உம் அதன் உறவுக்கார ஃபேஜ்களும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் பீட்டா ஹீமோலைசின் என்ற நச்சை உருவாக்கும் எச்.எல்.பி. மரபணுவுக்குள் புகுந்து அதை இரண்டாக உடைத்துவிடுகின்றன; கூடவே எஸ்.சி.என்., சி.எச்.பி., எஸ்.ஏ.கே. போன்ற மரபணுக்களைக் கொண்டுவருகின்றன. இவை மனித உடலின் எதிர்ப்பாற்றலை ஏமாற்றுவதற்கானவை. மாட்டிடம் இவற்றால் பெரிய பயனில்லை. 2012-இல் 19 நாடுகளிலிருந்து 89 மாதிரிகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு, எஸ்டி 398-ஐ உள்ளடக்கிய குடிவழி மனிதரிடமிருந்து கால்நடைக்குத் தாவியபோது இந்த ஃபேஜை இழந்து, டெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தை எதிர்க்கும் டெட்எம் மரபணுவைப் பெற்றுக்கொண்டது என்று காட்டியது.

இதைக் கணினி இல்லாமலேயே பார்க்கலாம். ஏழு மாதிரிகளையும் ஆட்டு ரத்தம் சேர்த்த அகர் தட்டில் கீறி, 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து, பிறகு குளிர்பெட்டியில் 4 டிகிரிக்கு மாற்றுங்கள். தட்டு செம்மறியாட்டு ரத்தத்தில் செய்ததாக இருக்கட்டும். குதிரை ரத்தத்தில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. பீட்டா ஹீமோலைசின் இருந்தால், காலனியை (தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டை) சுற்றி அகலமாக மங்கிக்கிடக்கும் வளையம் குளிரில் தெளிந்துவிடும்.

இழையைத் தொடங்கியவர்

தட்டுகளை நேற்று மாலை குளிர்பெட்டியிலிருந்து எடுத்தேன். பால் மாதிரிகள் ஐந்திலும் முதல் கறவையாளரின் மாதிரியிலும், காலையில் புகைபடிந்ததுபோல் இருந்த வளையம் கண்ணாடிபோல் தெளிந்து, கீழே வைத்த காகிதத்தின் எழுத்து அதன் வழியே தெரிந்தது. இரண்டாமவரின் காலனிகளைச் சுற்றி, ஆல்ஃபா ஹீமோலைசினுக்கு உரிய ஒடுக்கமான வளையம் மட்டுமே. குளிர் அதை மாற்றவில்லை. வரிசையிலும் இதேதான்: இரண்டாமவரின் மாதிரியில் எஸ்.சி.என். உண்டு, எச்.எல்.பி. உடைந்திருக்கிறது, டெட்எம் இல்லை. மற்ற ஆறிலும் இவை மூன்றும் நேர்மாறாக இருக்கின்றன.

அப்படியானால், முதல் கறவையாளருக்கு மாட்டிலிருந்துதான் வந்தது என்று எழுதிவிடலாமா?

பதில்: மரபணுத் தரவுப் பகுப்பாய்வாளர்

இரண்டாமவரைப் பற்றித் தயங்காமல் எழுதுங்கள். இந்தப் பாக்டீரியா ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 8 எழுத்துகள் மாறுகிறது. 240 வேறுபாடுகளை இரு கிளைகளுக்கும் பாதியாகப் பிரித்தால், அவற்றின் பொது மூதாதை பதினைந்து முதல் முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் போகிறது. இந்த நோய்ப்பரவலுக்கும் அவர் மூக்கில் இருப்பதற்கும் தொடர்பில்லை.

முதலாமவரைப் பற்றி அவ்வளவு உறுதி கூடாது. ஃபேஜ் இல்லாமையும் டெட்எம் இருப்பதும் இது கால்நடைக்குப் பழகிய கிளை என்று சொல்கின்றன. எனவே கொட்டகையிலிருந்து அவருக்குத் தொற்றியிருப்பதே கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனால் ஃபேஜ் போகவும் வரவும் கூடியது. அதோடு, ஒருவருக்கு ஒரு காலனி மட்டும் எடுத்த நிலையில், 5 எழுத்து வேறுபாட்டைக் கொண்டு யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரே மூக்கிலேயே சில எழுத்துகள் வேறுபட்ட பல கிளைகள் சேர்ந்து வாழ்கின்றன. ஒவ்வொரு பசுவிடமிருந்தும் அவரிடமிருந்தும் பத்துப் பத்துக் காலனிகளாவது எடுங்கள். கறவை இயந்திரத்தின் காம்புக் குவளைகளிலிருந்தும் மாதிரி எடுங்கள், ஏனெனில் பசுவிலிருந்து பசுவுக்குப் பரவ மனித மூக்கு தேவையில்லை.

இழையைத் தொடங்கியவர்

காம்புக் குவளைகளை நான் தொடவே இல்லை. நாளை காலைக் கறவைக்கு முன்பு போகிறேன். உரிமையாளருக்கு இன்று எழுதிய இடைக்கால அறிக்கையில், இரண்டாம் கறவையாளரின் பாக்டீரியா இந்த நோய்ப்பரவலைச் சேர்ந்ததன்று என்றும், முதலாமவரிடம் இருப்பது மாடுகளிடம் இருக்கும் அதே கிளை என்றாலும் அவர் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை என்றும், மறு மாதிரி முடிவுகள் வரும்வரை இருவரையும் பணியிலிருந்து நிறுத்த இந்த ஆய்வைக் காரணம் காட்டக் கூடாது என்றும் குறிப்பிட்டிருக்கிறேன்.