போர் ஓய்ந்த பகுதிகளில் சமூக ஆய்வுப் பணி: முனைவர் பட்டம் முதலா, களம் முதலா?

கேள்வி – புதுவரவு:
சமூகவியலில் முதுகலை முடித்து, இரண்டு ஆண்டுகளாக வீடுவீடாக எடுக்கப்படும் கணக்கெடுப்புகளைத் தொகுத்து வருகிறேன். போருக்குப் பின் ஊர் திரும்புவோரின் மீள்குடியேற்றத்தையும் வாழ்வாதாரத்தையும் ஆராயும் பணிக்குச் செல்ல விரும்புகிறேன். ஆனால் அறிவிப்புகள் பெரும்பாலும் 'கண்காணிப்பும் மதிப்பீடும்' என்ற பெயரிலேயே வருகின்றன. அது ஆய்வுதானா, நிதி வழங்குநரின் அறிக்கைக்கு எண்களை நிரப்பும் வேலையா? முனைவர் பட்டத்தை முடித்துவிட்டுச் செல்வதே நல்லதா?

மறுமொழி – பழைய களப்பணியாளர்:
எண் நிரப்புவது அதில் பாதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைத் தொகுத்த ஸ்பியர் கையேடு குறிக்கும் அளவு எட்டப்பட்டதா என்பதைப் பொறியாளரே சொல்லிவிடுவார். இருட்டிய பின் குழாயடிக்குச் செல்ல யார் அஞ்சுகிறார்கள், ஏன் அஞ்சுகிறார்கள் என்பதைக் கேட்டறிவதில்தான் நம் வேலை தொடங்குகிறது. 1994இல் ருவாண்டாவிலிருந்து வெளியேறிய அகதிகளுக்கு, எல்லைக்கு அப்பால் அன்றைய ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) இருந்த கோமா முகாம்களில் நிவாரணப் பொருட்கள் தொடக்கத்தில் பழைய ஊர்த் தலைவர்கள் வழியாகப் பங்கிடப்பட்டன. அவ்வாண்டு ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையில் பங்கேற்றவர்களும் அவர்களிடையே இருந்ததால், உணவுப் பங்கீடே அவர்களுடைய அதிகாரத்தை நிலைநிறுத்தும் கருவியாயிற்று. ஓர் ஊரில் யார் சொல் செல்லும் என்பதை அறியாமல் கொடுக்கப்படும் உதவி எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி – குறிப்பேடு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கேட்டறிவது அவ்வளவு எளிதன்று. ஒரு முகாமில் மூதாட்டி ஒருவர், அந்த மாதத்தில் வந்த நான்காவது குழு நாங்கள் என்று சொல்லி, "மற்றவர்களுக்குச் சொன்னதையே சொல்லட்டுமா, நடந்ததைச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். உதவி பெறுவோர் பட்டியல் அந்த விடையைப் பொறுத்தே அமையும் என்று மக்கள் நம்பும்போது, வினாப்பட்டியல் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பயனில்லை. மொழிபெயர்ப்பாளர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவராகக் கருதப்படுகிறார் என்பதும் விடையை மாற்றிவிடும். பெயரையும் வீட்டின் இருப்பிடத்தையும் தேவையின்றிப் பதிவு செய்யாதீர்கள். அதிகாரம் கைமாறினால், இன்றைய பயனாளிப் பட்டியல் நாளை ஆள்தேடும் பட்டியலாகிவிடக்கூடும்.

மறுமொழி – ஒப்பந்தக்காரர்:
இருவரும் சோற்றுக் கவலையைப் பேசவில்லை. இத்துறையில் பெரும்பாலானவை குறுகிய கால ஒப்பந்தங்கள். நிதி நின்றால் வேலையும் நிற்கும். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1 முதல் வெளிநாட்டு உதவித் திட்டங்களை நிறைவேற்றுவதை நிறுத்தியபோது, அந்நிதியை நம்பியிருந்தவர்கள் இதை நேரில் கண்டார்கள். முனைவர் பட்டம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைக்கும் என்பதற்காகவேனும் அதைக் கைவிட வேண்டாம் என்பேன். எனினும் இரண்டு ஆண்டு களப்பணிக்குப் பின் அதில் சேர்ந்தால் கேள்வி கூர்மையாக இருக்கும்.

புதுவரவு:
நன்றி. அந்த மூதாட்டிக்கு என்ன விடை சொன்னீர்கள்?

குறிப்பேடு:
இந்தப் பதிவுக்கும் பட்டியலுக்கும் தொடர்பில்லை என்றேன். அப்படியானால் பேச நேரமில்லை என்று எழுந்து போய்விட்டார். மறுப்பும் விடையே என்று குறித்துக்கொண்டேன்.