தாக்குதல் நடந்ததும் முதலில் சொல்லப்பட்ட பெயர் பிறகு தப்பாகிப்போனது: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

இரவுமேசை:
மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு, 2004 மார்ச் 11. எல்லோருக்கும் தெரிந்ததுதான், விவரிக்கப் போவதில்லை. அன்றைக்கு நான் ஒரு பத்திரிகையில் இரவு டெஸ்க் உதவி ஆசிரியர். ஸ்பெயின் அமைச்சர்கள் மாறி மாறி 'எட்டாதான், சந்தேகமே இல்லை' என்றார்கள். எட்டா என்பது பாஸ்க் தனிநாடு கேட்டுப் போராடிய ஆயுதக் குழு. மூன்று நாளில் அங்கே தேர்தல். எனக்கு உறுத்தியது. 'எட்டா கைவரிசை?' என்று தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். ராத்திரி ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1530-ஆம் தீர்மானம் வந்தது. அதில் எட்டா என்று பெயரே போட்டிருந்தார்கள். செய்தி ஆசிரியர் என் பின்னால் வந்து நின்றார். "ஐ.நா.வே சொல்லியாச்சு. இன்னும் எதுக்குய்யா கேள்விக்குறி?" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் அழிக்கவில்லை, நானேதான் அழித்தேன்.

பக்கம் போன பிறகு ஏஜென்சியில் அடுத்த செய்தி வந்தது: மாட்ரிட் அருகே அல்கலா டி எனாரஸில் ஒரு வேன், உள்ளே டெட்டனேட்டர்கள், குர்ஆன் ஓதும் ஒலிநாடா. மறுநாள் அதைப் புதுச் செய்தியாகப் போட்டோம். நேற்றுப் போட்டது தப்பு என்று ஒரு வரிகூடப் போடவில்லை. செய்தது இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்று பின்னால் உறுதியானது. 191 பேர் செத்த விஷயம் அது. இருபது வருஷம் தாண்டியும் அந்தக் கேள்விக்குறி என் கண்ணிலேயே நிற்கிறது.

சாக்பீஸ்:
நான் வரலாற்று ஆசிரியர். ஒருமுறை பதினோராம் வகுப்பில் கேட்டேன்: 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேர் எந்த நாட்டுக்காரர்கள்? பாதிக்கு மேல் 'ஈராக்' என்றார்கள். போர்டில் எழுதினேன்: சவூதி 15, அமீரகம் 2, எகிப்து 1, லெபனான் 1. வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அப்புறம் எதுக்கு சார் ஈராக்குக்குப் போனாங்க?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் பாடம் முடிக்கும் அவசரத்தில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

இங்கேயாவது சொல்கிறேன். ஈராக் அதிபர் சதாம்தான் செய்தார் என்று அமெரிக்க அதிபர் புஷ் நேரடியாகச் சொன்னதே இல்லை. செப்டம்பர் 11, அதைச் செய்த அல் கைதா, சதாம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். 2003-இல் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவுக்கு சதாமுக்கும் பங்கிருக்கலாம் என்று நம்பினார்கள். சதாமுக்குத் தொடர்பு இருந்ததற்கு ஆதாரமில்லை என்று புஷ்ஷே அந்த ஆண்டு செப்டம்பரில் ஒத்துக்கொண்டார். அதற்குள் அமெரிக்கப் படையிடம் பாக்தாத் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எதிர்வாதி:
இரவுமேசை, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஸ்பெயின் அரசு காலையிலேயே திட்டம் போட்டுப் பொய் சொன்னது போல எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமில்லை. அதற்கு முந்தின மாதக் கடைசியில்தான் எட்டாவின் ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட வெடிமருந்தோடு ஒரு வேன் பிடிபட்டது. 2003 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாட்ரிட் ரயிலையே குறிவைத்திருந்தார்கள். அன்று காலை யாரைக் கேட்டிருந்தாலும் எட்டா என்றுதான் சொல்லியிருப்பார்கள். சந்தேகப்பட்டதைக் குற்றமாக்காதீர்கள்.

இரவுமேசை:
காலையில் சந்தேகப்பட்டதை நான் குறை சொல்லவே இல்லை. தூதர்களுக்கு 'எட்டா என்றே உறுதியாகச் சொல்லுங்கள்' என்று சுற்றறிக்கை போனதே, பிரதமரே பத்திரிகை ஆசிரியர்களுக்கு போன் போட்டாரே, அதைத்தான் சொல்கிறேன். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே சொல்லியிருக்கலாம். ஒலிநாடா கிடைத்த பிறகும் 'எட்டாதான் முதல் சந்தேகம்' என்று இரண்டு நாள் ஓட்டினார்கள். 13-ஆம் தேதி ராத்திரி ஜனங்கள் ஆளுங்கட்சி அலுவலக வாசலில் திரண்டு உண்மையைச் சொல்லு என்று கத்தினார்கள். அவர்களும் காலையில் எட்டா என்று நம்பியவர்கள்தான்.

பொதுப்பெயர்:
நீங்க எல்லாம் படிச்சதைச் சொல்றீங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன். எந்த ஊர், எந்த வருஷம்னு கேக்காதீங்க. ஒரு குண்டுவெடிப்பு. தேடுற ஆளோட பெயரும் என் பெயரும் ஒண்ணு. ரொம்பப் பொதுவான பெயர். விசாரணைன்னு கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு 'ஆள் மாறிடுச்சு, போப்பா'ன்னு அனுப்பிட்டாங்க. உள்ள யாரும் அடிக்கலை, அதையும் சொல்லிடறேன்.

வீட்டுக்கு வந்தா அம்மா டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க. சத்தத்தை சுத்தமா குறைச்சு வச்சிருந்தாங்க. கீழ ஓடுற எழுத்துல 'மூளையாகச் செயல்பட்டவர் சிக்கினார்'. வட்டாரங்கள் தெரிவித்தனவாம். எந்த வட்டாரம்? மேல என் காலேஜ் ஐடி கார்டு படம், முகத்தைச் சுத்தி சிவப்பு வட்டம். அந்தப் படம் எடுத்த அன்னைக்கு சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது அம்மாதான். நான் வாசல்ல நிக்கறேன், அவங்க திரையில இருக்கற என்னைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க.

படித்துறை:
என்னுடைய கதை சின்னது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு இலங்கைப் போலீஸ் வெளியிட்ட சந்தேகப் படங்களை உறவினர் குழுவில் பகிர்ந்தேன். அதில் ஒரு படம் சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்கப் பெண்ணுடையது. போலீஸே தவறு என்று அறிவித்தது. நான் அனுப்பியதை நாற்பது பேர் பார்த்தாகிவிட்டது. அழித்தேன், அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதல் இரண்டு நாள் எதையும் பகிராதீர்கள். 'வட்டாரங்கள்' என்று வந்தால் அது பெயர் சொல்ல விரும்பாத அதிகாரியின் வாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழி யார் மேல் விழுகிறது என்பதைவிட, அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மன் நாடாளுமன்றம் எரிந்தது 1933 பிப்ரவரி 27. ஹிட்லர் அரசு கம்யூனிஸ்டுகள் மேல் பழி போட்டது, மறுநாளே பேச்சுரிமை, எழுத்துரிமை எல்லாம் நிறுத்தப்பட்டன. 2001 செப்டம்பர் 11 நடந்து 45 நாளில், மக்களைக் கண்காணிக்கும் அதிகாரத்தைக் கூட்டிய பேட்ரியாட் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது. 2024 மார்ச் 22 மாஸ்கோ குரோகஸ் இசை அரங்கத் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கூட்டங்கள் கூடும் இடங்களில் தாக்குதல் வரலாம் என்று அமெரிக்கத் தூதரகம் 7-ஆம் தேதியே வெளிப்படையாக எச்சரித்திருந்தது. தாக்குதல் நடந்த இரவே ஐ.எஸ். தீவிரவாத அமைப்பு பொறுப்பேற்றது. ஆனாலும் மறுநாள் புதின் பேச்சில் உக்ரைன்தான் வந்தது. எச்சரிக்கை என்ன ஆனது என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. பழி வெளியே போனால் உள்ளே யாரும் பதில் சொல்ல வேண்டாம், அதற்காகத்தான். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், தாக்குதல் நடந்த அன்று டிவியை அணையுங்கள்...

மழைக்கால்:
படித்துறை அண்ணா, நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க. ஆனா பொதுப்பெயர் அவங்க வீட்ல டிவி சத்தம் ஏற்கெனவே குறைஞ்சுதான் இருந்துச்சு. இங்க யாரும் அறிவுரை கேக்கலை.

பொதுப்பெயர், பர்மிங்காம் ஆறு பேர் கதையைப் படிச்ச நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு. இங்கிலாந்துல 1974-ல நடந்த குண்டுவெடிப்புக்கு அவங்கதான் காரணம்னு தப்பா உள்ள போட்டு, 1991-லதான் வெளிய விட்டாங்க. பதினாறு வருஷம். நீங்க ரெண்டு நாள்ல வந்துட்டீங்கன்னு ஆறுதல் சொல்ல வரலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்: அந்தச் சேனல் உங்களைப் பத்தி அப்புறம் ஏதாவது சொன்னாங்களா?

பொதுப்பெயர்:
இல்லைங்க. படத்தை மட்டும் எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள மத்தவங்க எடுத்துப் போட்டுட்டாங்களே. வேலைக்கு எழுதிப் போட்டா முதல்ல பெயரைத்தான் தேடிப் பாக்கறாங்க. போன மாசம்கூட நானே தேடினேன். ரெண்டாவது பக்கத்துல இருக்கு, வட்டத்தோட.