டூகல் செய்த மாற்றமா, லாம்பார்ட் சேர்த்து வைத்த அணியா?

நீலச்சட்டை: 2021 ஜனவரி 25 அன்று கோச் லாம்பார்டை நீக்கியபோது செல்சி இங்கிலீஷ் லீக்கில் 9-வது இடத்தில் இருந்தது. மறுநாள் புது கோச்சாக டூகல் வந்தார், ஒரே ஒரு பயிற்சி, 27-ம் தேதி வுல்வ்ஸுக்கு எதிராகப் பின்னால் மூன்று பேரை நிறுத்திவிட்டார். மே 29 அன்று ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் கோப்பை கையில். நடுவில் புதிதாக ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. கோச் மாறினால் ஆட்டம் மாறாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பழைய பத்தாம் நம்பர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று டிஃபெண்டர் ஆட்டம் அங்கே புதிதே இல்லை. 2016-ல் ஆர்சனலிடம் 0-3 என்று தோற்ற பிறகு அப்போதைய கோச் அன்டோனியோ கான்டே அதற்குத்தான் மாறினார், லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி. அந்த அணியில் இருந்த அஸ்பிலிக்யூட்டாவும் அலோன்சோவும் டூகலுக்குக் கையில் கிடைத்தார்கள். டிஃபெண்டர் தியாகோ சில்வா, கோல்கீப்பர் மெண்டி எல்லாம் லாம்பார்ட் காலத்தில் வந்தவர்கள். சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் முதலிடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

நீலச்சட்டை: சரி, ஆட்கள் இருந்தார்கள், ஆனால் எங்கே நின்றார்கள்? முன்பு இரண்டு ஃபுல்பேக்கும், அதாவது ஓர டிஃபெண்டர்களும், ஏறிப் போன நேரத்தில் பந்து பறிபோனால் நடுவில் பெரிய வெற்றிடம், அதில் ஒரு ஆள் மட்டும் ஓடித் திணறுவார். டூகல் வந்த பிறகு பின்னால் மூன்று பேர், அவர்களுக்கு முன்னால் நடுக்களத்தில் ஜோர்ஜினியோவுடன் எங்கோலோ கான்டேயோ (கோச் கான்டே இல்லை, வேறு ஆள்) கோவாசிச்சோ. எதிரணி பந்தைப் பறித்தாலும் ஐந்து பேரைத் தாண்ட வேண்டும். முதல் 14 ஆட்டத்தில் தோல்வியே இல்லை, வாங்கியது 2 கோல், அதில் ஒன்று ரூடிகர் தானே போட்ட சேம்சைடு கோல்!

பழைய பத்தாம் நம்பர்: அப்புறம் வெஸ்ட் பிராமிடம் 2-5? 29-வது நிமிடத்தில் சில்வா சிவப்பு அட்டை வாங்கினார், எல்லாம் சரிந்தது. ஆட்களை நம்பித்தான் அமைப்பு என்கிறேன்.

நீலச்சட்டை: பத்துப் பேரோடு ஆடினால் எந்த அமைப்பும் சரியும். போர்ட்டோ நகரில் மான்செஸ்டர் சிட்டியோடு ஆடிய அந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலைப் பாருங்கள். 39-வது நிமிடத்தில் சில்வா காயத்தோடு வெளியே போனார், கிறிஸ்டென்சன் வந்தார், அமைப்பு அசையவில்லை. மூன்றே நிமிடத்தில் கோல். மெண்டி இடது ஓரத்தில் சில்வெல்லுக்குத் தருகிறார், அவர் மவுண்டுக்கு, வெர்னர் ஓடி சிட்டி டிஃபெண்டர் டியாஸை இழுத்துக்கொண்டு போகிறார், திறந்த அந்த வழியில் மவுண்ட் தள்ளிவிட்ட பந்தை ஹாவெர்ட்ஸ் கோல்கீப்பர் எடெர்சனைத் தாண்டி வலைக்குள் அடிக்கிறார். ஓரத்தில் ஏறி இறங்கி ஆடும் விங்பேக் சில்வெல் காத்திருந்ததால்தான் அந்த வழி பிறந்தது.

பழைய பத்தாம் நம்பர்: அந்த கோலில் டூகலின் கை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தைக் கொடுத்த மவுண்டை 2019-ல் முதல் அணியில் இறக்கியவர் லாம்பார்ட். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.